ரிலீவர் வந்தாச்சா?

நெய்வேலியில் ஷிப்டு பார்த்தவர்களுக்கு 'ரிலீவர்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. நம் இடத்துக்கு அடுத்த ஆள் வந்து, மீட்டரையெல்லாம் ஒரு பார்வை பார்த்து, லாக்புக்கில் கையெழுத்துப் போட்டு, "சரிண்ணே, நீங்க கிளம்புங்க" என்று சொல்கிறவரை பாயிண்டை விட்டு நகரக்கூடாது. வீட்டம்மா போனில் கேட்கிற முதல் கேள்வியே "ரிலீவர் வந்தாச்சா?" என்பதுதான். வந்துவிட்டால் சாதம் வைப்பார்கள். வரவில்லை என்றால் அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் பேரனுக்கு பேஸ்பால் பைத்தியம். போன வருஷம் அங்கே போய் மூன்று மாதம் இருந்தபோது அவனோடு உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. பாதி ஆட்டத்தில் பந்து எறிகிறவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போக, ஓரத்திலிருந்து இன்னொருவர் ஓடி வந்தார். "தாத்தா, இவர்தான் ரிலீவர்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் முப்பது வருஷம் அதே வேலைதாண்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அங்கே பொழுது போகவேண்டுமே. பக்கத்து நூலகத்தில் இது பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பேஸ்பாலில் பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். முதலில் இறங்குகிறவர் ஸ்டார்ட்டர். அவர் களைத்துப்போனாலோ, அடி வாங்கினாலோ வெளியே எடுத்துவிட்டு ரிலீவரை இறக்குவார்கள். வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. இன்றைக்கு ரிலீவருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். ஆனால் எண்பது வருஷம் முன்னால் நிலைமை வேறு. ஸ்டார்ட்டராக இறங்குகிறவர் ஒன்பது இன்னிங்ஸையும் தானே முடிக்கவேண்டும், அதுதான் கௌரவம். ஸ்டார்ட்டராகத் தேறாதவர்களையும், வயதானவர்களையும் ஓரத்தில் உட்காரவைத்து, ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்திருப்பார்கள்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ், பாப் ஃபெல்லர் என்று பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ராணுவத்துக்கும் கப்பற்படைக்கும் போய்விட்டார்கள். ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நடத்தலாம் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே 1942 ஜனவரியில் கடிதம் எழுதிவிட்டார். ஆள் வேண்டுமே! சின்சினாட்டி அணி 1944இல் ஜோ நக்ஸால் என்ற பதினைந்து வயதுப் பையனை பிட்சராக இறக்கியது. அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸ் அணியில் ஒரு கை இல்லாத பீட் கிரே ஆடினார். இப்படிப்பட்ட காலத்தில்தான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரிலீவர்களுக்கு வேலை வந்தது.

அவர்களில் ஏஸ் ஆடம்ஸ் என்று ஒருவர், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி. 154 ஆட்டங்கள் கொண்ட சீசனில், 1943இல் மட்டும் 70 ஆட்டங்களில் பந்து எறிந்திருக்கிறார். ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு ஆட்டம். அந்த வருஷம் அவருடைய அணி எட்டு அணிகளில் எட்டாவதாக வந்தது. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தோற்கிற இடத்தில்தான் ரிலீவருக்கு வேலை அதிகம். ஜோ பெர்ரி என்று இன்னொருவர். பந்து எறிவதற்கு முன் ஏகப்பட்ட பதற்றம் காட்டுவார் என்பதால் 'பதற்றக்கார ஜோ' என்ற அர்த்தத்தில் பட்டப்பெயர். பெரிய லீகில் முதல் ஆட்டம் ஆடும்போது அவருக்கு வயது 37.

என்னைப் பிடித்து உட்காரவைத்த விஷயம் வேறு. ரிலீவர் வந்து தன் அணியின் வெற்றியைக் கைவிடாமல் காப்பாற்றிக் கொடுத்தால் அதை 'சேவ்' என்று கணக்கு வைக்கிறார்கள். இந்தக் கணக்கை சிகாகோவில் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற பத்திரிகைக்காரர் 1960 வாக்கில் உருவாக்கினார். அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1969இல். அதற்குப் பிறகு ஆர்வலர்கள் பழைய ஸ்கோர் புத்தகங்களைப் புரட்டிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். 1944இல் நேஷனல் லீகில் அதிக சேவ் எடுத்தவர் ஏஸ் ஆடம்ஸ் என்று வந்தது. ஆடும்போது அவருக்கு அது தெரியாது. தெரிய வழியே இல்லை, அப்படி ஒரு பத்தியே ஸ்கோர் அட்டையில் கிடையாது. போர் முடிந்ததும் பெரிய ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள். ஆடம்ஸ் 1946இல் கூடுதல் சம்பளத்துக்காக மெக்சிகோ போனார். அதற்காகத் தடை விதித்தார்கள். அதோடு அவருடைய பெரிய லீக் வாழ்க்கை முடிந்தது.

படித்துக்கொண்டிருக்கும்போதே என் மனசு சேப்பாக்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் போர்க்காலத்தில் நம் ஊரில் கிரிக்கெட் நடந்ததா, அதில் இப்படி ஓரத்திலிருந்து வந்து பாரம் சுமந்தவர்கள் யார் என்று.

நடந்தது. சொல்லப்போனால் இங்கேதான் ஒழுங்காக நடந்தது. இங்கிலாந்தில் 1940இலிருந்து ஆறு கோடைகள் கவுன்டி போட்டிகள் நின்றுபோயின. ஆஸ்திரேலியாவில் ஷெஃபீல்ட் ஷீல்டை நிறுத்திவிட்டார்கள். ரஞ்சிக் கோப்பை மட்டும் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ஆனால் டெஸ்ட் மேட்ச் இல்லை. 1936 ஆகஸ்டில் ஓவலில் ஆடிய பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946 ஜூனில், லார்ட்ஸில். பத்து வருஷம்! ஒரு ஆட்டக்காரனின் முழு வாலிபமும் அதற்குள் போய்விடும்.

அந்தப் பத்து வருஷமும் மட்டையாளர்களின் ராஜ்யம். மண்ணை உருட்டி உருட்டி சிமென்ட் தரை மாதிரி பிட்ச் போட்டிருப்பார்கள். விஜய் மெர்ச்சன்ட் 1943-44இல் மகாராஷ்டிராவுக்கு எதிராக 359 அடித்து அவுட்டாகவே இல்லை. அதே சீசனில் பென்டாங்குலர் போட்டியில் விஜய் ஹசாரே ஒரு இன்னிங்ஸில் 309. அணியின் மொத்த ஸ்கோரே 387தான். இந்த எண்களை எல்லாரும் சொல்வார்கள். அந்த ரன்களையெல்லாம் யாரோ ஒருவர் வெயிலில் நின்று பந்து வீசித்தானே கொடுத்திருக்கவேண்டும்? அவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

ஒருவர் பெயரை நான் சொல்கிறேன். சி.எஸ்.நாயுடு. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே.நாயுடுவின் தம்பி. லெக் ஸ்பின்னர். கிரிக்கெட்டில் புதுப் பந்தை இரண்டு பேர் எடுத்து வீசி ஓய்ந்த பிறகு 'சேஞ்ச்' என்று வருகிறவர்கள்தான் நம் ரிலீவர்கள். பேஸ்பாலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இங்கே களைத்துப்போனவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடலாம். அதில் உள்ள கொடுமை 1945 மார்ச்சில், பம்பாய் பிரபோர்ன் ஸ்டேடியத்தில் நடந்த ரஞ்சி இறுதி ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும். பம்பாய்க்கும் ஹோல்கருக்கும். எத்தனை நாள் ஆனாலும் முடிவு தெரியும்வரை ஆடவேண்டிய ஆட்டம். பம்பாய் 462, 764. ஹோல்கர் 360, 492. மொத்தம் 2078 ரன்கள். ஹோல்கர் தோற்றது.

அந்த ஆட்டத்தில் ஹோல்கருக்காக டெனிஸ் காம்ப்டன் கடைசி இன்னிங்ஸில் 249 அடித்து அவுட்டாகாமல் நின்றார். ராணுவ வேலையாக மோவில் இருந்தவரை இந்தூர்க்காரர்கள் இழுத்துக்கொண்டார்கள். நூறுக்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் பணம் தருவதாக ஒரு வியாபாரி சொன்னாராம். ஆட்டம் முடிந்து பார்த்தால், அவசர வேலையாக வெளியூர் போகிறேன் என்று ஒரு சீட்டு மட்டும் இருந்ததாம். காம்ப்டனே பிற்பாடு சொல்லிச் சிரித்த கதை. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்.

சி.எஸ்.நாயுடு அதே ஆட்டத்தில் வீசியது 152 ஓவர், 5 பந்து. அதாவது 917 பந்துகள். முதல் இன்னிங்ஸில் 153 ரன் கொடுத்து 6 விக்கெட், இரண்டாவதில் 275 ரன் கொடுத்து 5 விக்கெட். முதல்தர கிரிக்கெட்டில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் வீசிய அதிகப் பந்துகள் இதுதான். இன்றைய ட்வென்டி-20யில் ஒரு பௌலருக்கு நாலு ஓவர், 24 பந்து. அப்படிப் பார்த்தால் 38 மேட்ச் ஆடி முடித்த பிறகும் ஐந்து பந்து பாக்கி இருக்கும். ரிலீவர் வேலைக்கு வந்தவருக்கு ரிலீவர் வரவில்லை, அவ்வளவுதான். இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1942-43 சீசனில், பரோடாவுக்காக ஆடி ரஞ்சியில் 40 விக்கெட் எடுத்தவரும் இவர்தான். பரோடா அந்த வருஷம் கோப்பையை வென்றது.

முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த மொத்த விக்கெட் 647. டெஸ்ட் ஆட்டங்களில் எத்தனை தெரியுமா? பதினொரு டெஸ்ட்டில் இரண்டு. நம் புள்ளிவிவரப் புலிகள் இந்த இரண்டைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். அவருக்கு 22 வயதாக இருந்தபோது நின்றுபோன டெஸ்ட் கிரிக்கெட், 32 வயதில்தான் திரும்பி வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டாமா? தோள் தேய்ந்தபிறகு கூப்பிட்டு, எங்கே உன் விக்கெட் என்று கேட்டால்?

சென்னைக் கதைக்கு வருகிறேன். எனக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். சேப்பாக்கம் அவருக்கு நடந்து போகிற தூரம். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பட்டணமே காலியானபோது, குடும்பத்தோடு விருத்தாசலத்துக்கு ஓடிவந்தார்கள். "குண்டுக்கு நான் பயப்படலைடா, மேட்ச் பார்க்க முடியாதேன்னுதான் அழுதேன்" என்பார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. நிலைமை சரியானதும் திரும்பிப் போய்விட்டார்கள். (இன்னொன்று: அவர் விருத்தாசலத்தில் இருந்த அதே போர்க்காலத்தில்தான், 1943க்கும் 1946க்கும் இடையில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் பக்கத்தில் நெய்வேலிப் பொட்டலில் துளை போட்டுப் பழுப்பு நிலக்கரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மருமகன் அங்கே பம்ப் ஓட்டப்போகிறான் என்று யாருக்குத் தெரியும்!)

மாமாவுக்குத் தெய்வம் ஏ.ஜி.ராம்சிங். இடதுகை ஸ்பின்னர், நல்ல மட்டையாளரும்கூட. சீக்கியர், தலைப்பாகையோடு ஆடுவார். பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலைக் கவனியுங்கள்: அமிர்தசரஸ் கோவிந்த்சிங் ராம்சிங். ஊர் பெயர், அப்பா பெயர், தன் பெயர். அசல் மதராஸ்காரர் பாணி! ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில்தான் நடந்தது, மதராஸுக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன், ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். ஆனால் ஆட்டத்தை முடித்து வைத்தவர் ராம்சிங். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன் கொடுத்து 11 விக்கெட். மைசூர் 48, 59 என்று சுருண்டு, ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது.

"முதல் பந்து போட்டவர் பேரு வரலாறுல இருக்கு. மத்ததெல்லாம் போட்டவர் பேரு எங்க இருக்கு, சொல்லு?" என்று மாமா கேட்பார். கோபாலன்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபாலனுக்கும் ஒரே ஒரு டெஸ்ட்தான் கிடைத்தது, 1934 ஜனவரியில், கல்கத்தாவில். சி.எஸ்.நாயுடுவுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். ராம்சிங்குக்கு ஒன்றுகூட இல்லை. டெஸ்ட் நின்றபோது அவருக்கு 26 வயது, திரும்ப ஆரம்பித்தபோது 36. அதற்குள் வினூ மன்கட் வந்துவிட்டார், அவரும் இடதுகை ஸ்பின்னர். மன்கட் மாதிரி ஒருவர் இருக்கும்போது யார் வேறு ஆளைத் தேடுவார்கள்? ராம்சிங்கின் மகன் கிருபால்சிங் 1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார். இன்னொரு மகன் மில்காசிங்கும் டெஸ்ட் ஆடினார். கிருபால் சதம் அடித்த செய்தி ரேடியோவில் வந்தபோது மாமா அழுததாக மாமி சொல்வார். அந்தச் சதம் தப்பான ராம்சிங் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மாமாவின் கட்சி.

அந்தக் காலத்து மதராஸ் அணியில் சி.ஆர்.ரங்காச்சாரி என்று வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். போலீஸ்காரர். அவர் புதுப் பந்துக்காரர், என் கணக்கில் ரிலீவர் இல்லை. ஆனாலும் விட மனசில்லை. போருக்கு முன்னாலேயே மதராஸுக்கு ஆட வந்துவிட்டவருக்கு, டெஸ்ட் தொப்பி கிடைத்தது 1948 ஜனவரியில், 31 வயதில், அடிலெய்டில். அதே வருஷம் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸ் 631 அடித்தது, நாலு பேர் சதம். அதில் 107 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். மொத்தம் நாலே டெஸ்ட்.

இவ்வளவும் படித்து முடித்து ஊருக்குத் திரும்பிய பிறகுதான், இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்ற வைத்த சம்பவம் நடந்தது.

எங்கள் செக்‌ஷனில் பம்ப் ஆபரேட்டராக ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் வடலூர்க்காரர். நெய்வேலிச் சுரங்கம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நீர்த்தாரை, அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் போர் போட்டு இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் கீழே நிலக்கரி வெட்ட முடியும். பம்பை நிறுத்திவிட்டால் தண்ணீர் அடித்தளத்தையே பிளந்துகொண்டு வரும். ராட்சத வீல் எக்ஸ்கவேட்டரைப் பார்க்க மந்திரிகள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். பம்பைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். லாக்புக்கில் பம்ப் நின்றால் எழுதுவோம்: எத்தனை மணிக்கு, என்ன காரணம். நிற்காமல் பார்த்துக்கொண்டதை எழுதப் பத்தி இல்லை. எந்த லாக்புக்கிலும் இருக்காது.

2011 டிசம்பர் 29ஆம் தேதி இரவு வடலூர்க்காரர் நைட் ஷிப்டு. மறுநாள் விடிகாலை 'தானே' புயல் கரையைக் கடந்தது. காலையில் அவருக்கு ரிலீவர் நான். கதவைத் திறந்தால் வாசலில் வேப்பமரம் படுத்திருக்கிறது. டவுன்ஷிப் ரோடு முழுக்க மரம், போஸ்ட், ஒயர். காற்று அடங்கிய பிறகு, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு மணி.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்து காய்ந்து கிடந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒவ்வொரு பம்பாக ஓடிப்போய் மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். சாப்பாடு இல்லை. "வாங்கண்ணே. எல்லாம் ஓடிட்டிருக்கு" என்றார். "வீட்டுல என்னாச்சுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். "இனிமேதாண்ணே போய்ப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, லாக்புக்கை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் வீட்டுக் கூரை ஓடு பாதி பறந்துபோயிருந்தது.

சென்ற மாதம் அவர் காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வந்தவர்களெல்லாம் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், அப்பா அங்க என்ன வேலை பண்ணாருன்னு எனக்குச் சரியாவே தெரியாது. கேட்டா, 'சும்மா பம்ப்பு பாத்துக்கிட்டேன்'னு சொல்லுவாரு. என் பையன் ஸ்கூல்ல தாத்தாவைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. நான் என்ன சொல்றது?"

"தம்பி, ஒரு பேப்பர் எடு" என்றேன்.

தேதி சொன்னேன். இரவு பத்து மணியிலிருந்து மறுநாள் மாலை ஆறு மணி வரை என்று சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணி, "இருபது மணி நேரமா அங்கிள்?" என்றார். ஆமாம் என்றேன். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதைப் படம் போட்டுக் காட்டினேன்: மேலே மண், நடுவில் நிலக்கரி, கீழே தண்ணீர், மேல்நோக்கி அம்புக்குறி. அவர் அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வரைந்து, அதற்குள் அப்பா பெயரை எழுதினார்.

"சரியான இடத்துல போட்டிருக்கேனா அங்கிள்?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றேன்.